ஆனியில் பனி பெய்யும் ஊர்

ஆர்.எஸ்.மங்கலம் கடைத்தெருவில் மாரிச்செல்வியின் உரக்கடைக்குள் நுழைகிறவர்கள் யூரியா இருக்கிறதா என்று முதலில் கேட்பதில்லை. வேரோடு பிடுங்கிய நாலு நெல் பயிரை நீட்டி, "யக்கா, இது ஏன் இப்பிடி மஞ்சப் பூத்துக் கெடக்கு?" என்பார்கள். அவள் வேரைக் கிள்ளிப் பார்ப்பாள். இலையை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்ப்பாள். பாதி நேரம், "ஒண்ணும் வாங்காத, தண்ணிய வடிச்சு விடு, தன்னால பச்ச ஏறும்" என்று திருப்பி அனுப்பிவிடுவாள். மருந்து விற்கிறவளே மருந்து வேண்டாம் என்று சொன்னால் சனம் நம்பாமல் என்ன செய்யும்? பெரிய கண்மாய்ப் பாசனத்தில் பாதி வயல்களுக்கு விதை அவள் கடையிலிருந்துதான் போகிறது.

நாற்பத்தாறு வயது. படிப்பு பன்னிரண்டாம் வகுப்பு. லைசென்ஸுக்காக ராமநாதபுரத்துக்கு அலைந்தபோது, "பொம்பளைக்கு எதுக்கும்மா உரக்கடை? வளையல் கடை வைக்கலாம்ல?" என்று கேட்ட அதிகாரியிடம், "ஒங்க ஊருல நெல்ல யாரு சார் நடுறது?" என்று கேட்டு அவர் வாயை அடைத்தவள். இருபது வருஷத்தில் கடை வளர்ந்தது, குரலும் வளர்ந்தது. ஒரு முடிவு எடுத்தால் எடுத்ததுதான். அவளுடைய முடிவுகள் அநேகமாகச் சரியாகவும் இருந்துவிடும் என்பதுதான் மற்றவர்களுக்கு எரிச்சல்.

அவள் முடிவு செல்லுபடியாகாத ஒரே ஆள் அவள் புருஷன் பிரபாகரன்.

சண்டைக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். தங்கமான மனுஷர். கடைக்கு மூட்டை வந்தால் இறக்கிக் கொடுப்பார். ஆனால் அவருக்கு எல்லாமே வயல்தான். புரட்டாசியில் விதைத்தால் மார்கழி வரை களையும் தண்ணியும், தையில் அறுப்பு, மாசியிலிருந்து சித்திரை வரை மிளகாய்ப் பழம் எடுப்பு. இதற்கு நடுவில் ஒரு ராத்திரி வெளியூரில் படுக்கமாட்டார். சொந்த மச்சினன் கல்யாணத்துக்கே சாப்பிட்ட கை காய்வதற்குள் பஸ் ஏறிவிட்டவர். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வெளியூரில் தங்கியது, அவருக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தபோது மதுரை ஆஸ்பத்திரியில் நாலு நாள். அதையும் கணக்கில் சேர்த்தால்.

விதைக் கம்பெனிக்காரர்கள் நன்றாக விற்கிற கடைக்காரர்களை ஜோடியாக வெளிநாட்டுக்குக் கூட்டிப்போவது வழக்கம். மாரிச்செல்வி இரண்டு தடவை போனாள். பாங்காக்குக்கு நாத்தனார் முருகலட்சுமியோடு, துபாய்க்குத் தங்கச்சியோடு. பாங்காக்கில் ஒரு கோயில் வாசலில் குரூப் போட்டோ எடுத்தார்கள். எல்லாக் கடைக்காரர்களும் பெண்டாட்டியோடு நிற்க, இவள் மட்டும் நாத்தனாரோடு நின்றாள். "ஒங்க வீட்டுக்காரர் வரலையா?" என்று அந்த ஏழு நாளில் ஏழு பேர் கேட்டார்கள். "வயல் வேலை" என்று சிரித்தபடி சொன்னாள். போட்டோவிலும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள். ஆனால் அந்தப் போட்டோவை அவள் கடையில் மாட்டவில்லை. அவளுக்கு அது வலித்தது, அவ்வளவுதான்.

மூன்றாவது வருஷம் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி யோகேஸ்வரன் ஒரு பைலோடு வந்தான். "யக்கா, ஜில்லாவுலயே நீங்கதான் மொத. இந்தத் தடவ குரூப்பு கெடையாது. ரெண்டு பேரு, ஒரு வருசத்துக்குள்ள, எந்த நாடு வேணும்னாலும் நீங்களே சொல்லலாம்."

மாரிச்செல்விக்கு உடனே ஒன்று ஞாபகம் வந்தது. போன கோடையில், நூற்றியிரண்டு டிகிரி வெயிலில், தகரக் கொட்டகைக்குக் கீழே லாரியிலிருந்து மூட்டை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்த பிரபாகரன் அவளுடைய போனில் ஒரு வீடியோவைப் பார்த்தார். யாரோ ஒருவன் காலில் கட்டையைக் கட்டிக்கொண்டு பனிமலையில் சறுக்கி வந்தான். பிரபாகரன் அதைத் திரும்பத் திரும்ப நாலு தடவை பார்த்துவிட்டு, "இப்பிடி ஒருநா சறுக்கிப் பாக்கணும் செல்வி" என்றார். இருபத்தாறு வருஷத்தில் அந்த மனுஷன் வாய்விட்டுக் கேட்ட ஒரே ஆசை அது. புதுச் சட்டைகூடக் கேட்டதில்லை.

"எழுதிக்க தம்பி" என்றாள் யோகேஸ்வரனிடம். "பனி. சறுக்குற பனி. எந்த ஊருன்னு நான் பெறகு சொல்றேன்."

ராமநாதபுரத்தில் ஜெய்னுலாபுதீன் டிராவல்ஸ் வைத்திருந்தார். மக்காவுக்கு உம்ரா யாத்திரைக்கும் வளைகுடா வேலைக்கும் டிக்கெட் போடுகிறவர். பனிக்கு டிக்கெட் கேட்டு அதுவரை யாரும் அவர் கடைப் படி ஏறியதில்லை. ஆனாலும் அசரவில்லை. "ஒக்காருங்கக்கா. அல்லாஹ் நாடுனா நிலாவுக்கும் போடுவோம்" என்று கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்.

முதலில் சுவிட்சர்லாந்து. "பேரு பெத்த எடம். ஆனா அங்கன எல்லாமே யானை வெல."

பிறகு ஜப்பான். "பனி பஞ்சு மாதிரி கெடக்குமாம். விழுந்தாலும் வலிக்காதுன்னு போட்டிருக்கான்."

அப்புறம் ஜார்ஜியா, கஜகஸ்தான். "இப்ப நம்ம பயலுக நெறையா இங்கதான் போறாக. சொல்லிக் குடுக்க ஆளு இருக்கு, உடுப்பெல்லாம் வாடகைக்கே கெடைக்குது."

மாரிச்செல்வி ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்விதான் கேட்டாள். "எந்த மாசம் பாய்?"

"டிசம்பர் கடைசில இருந்து மார்ச்சு வரைக்கும்."

மார்கழி, தை, மாசி. பயிர் பால் பிடிக்கிறதிலிருந்து மிளகாய்ப் பழம் சிவக்கிறது வரைக்கும். அந்த மாசங்களில் பிரபாகரனை வயலிலிருந்து கிளப்புவதும் வேரோடு ஒரு புளியமரத்தைக் கிளப்புவதும் ஒன்று. வைகாசிக்குள் மிளகாய் காய்ந்து விற்று முடியும். ஆடி பிறந்தால் ஊர்க் கோயிலில் காப்புக் கட்டு. காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிகிற வரை ஊர் எல்லையைத் தாண்டி ராத்தங்கக் கூடாது. ஆவணியில் மறுபடி உழவு. கூட்டிக் கழித்துப் பார்த்தால் அந்த மனுஷனுக்கு வருஷத்தில் மிச்சம் இருப்பது ஆனி ஒன்றுதான்.

"ஆனியில பனி பெய்யுற ஊரு ஏதாச்சும் சொல்லுங்க பாய்."

ஜெய்னுலாபுதீன் வாய்விட்டுச் சிரித்தார். "யக்கா, ஆனின்னா ஜூன், ஜூலை. ஒலகத்துக்கே அப்ப வெயிலு. மார்கழில மாம்பழம் கேட்டா நான் எங்க போவேன்?"

"போக வேண்டிய எடத்துக்குப் போனா அதுவும் கெடைக்கும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். ஆனால் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் வீறாப்பு இறங்கிவிட்டது. இந்தத் தடவையும் நாத்தனார்தானா என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் கடையில் ஒரு பெரியவர் வீட்டுத் தோட்டத்துக்கு முள்ளங்கி விதை கேட்டார். மாரிச்செல்வி பாக்கெட்டை எடுத்தவள், தேதி பார்க்கத் திருப்பினாள். இது அவள் வழக்கம். காலாவதி பார்க்காமல் ஒரு விதையும் அவள் கையைத் தாண்டாது. பாக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில், உற்பத்தியான நாடு நியூசிலாந்து என்று இருந்தது. பத்து வருஷமாக விற்கிற பாக்கெட்தான். எப்போதோ கம்பெனிக் கூட்டத்தில் சொன்னது அப்போது பளிச்சென்று மனசில் வந்தது. நமக்குக் கடும் குளிராக இருக்கிற மாசங்களில் அங்கே கோடை. அதனால்தான் வடக்கே விளைச்சல் இல்லாத நேரத்தில் அங்கே விதை விளைவித்து வாங்குகிறார்கள். மார்கழியில் அங்கே கோடை என்றால் ஆனியில் என்ன?

பெரியவர், "என்ன தாயி, வெதை பழசா?" என்று கேட்டார்.

"இல்லய்யா. ரொம்பப் புதுசு" என்றாள். அவருக்கு இன்னொரு பாக்கெட்டைச் சும்மாவே கொடுத்தாள்.

அன்றைக்கு மத்தியானமே ஜெய்னுலாபுதீனுக்குப் போன் போயிற்று. அரை மணி நேரத்தில் அவரே திரும்பக் கூப்பிட்டார். "யக்கா, ஒங்க வாயில சீனியப் போடணும். நியூசிலாந்துல ஜூன் நடுவுல இருந்து பனிதான். ரெண்டு மலை இருக்கு. ஒண்ணு பேரு போன மலை, செங்குத்தா வருமாம், போட்டோ நல்லா விழும். இன்னொண்ணு சரிவு கம்மி. புதுசா கத்துக்கிறவகளுக்குன்னே அடிவாரத்துல எடம் ஒதுக்கி, மேல ஏத்தி விட ஓடுற பாய் மாதிரி ஒண்ணு வச்சிருக்கான். நின்னா அதுவே கொண்டு போயிரும். ஆரம்ப மாசத்துல பனி கம்மியா இருந்தா மெசினு வச்சே போட்டுருவானாம். எது போடட்டும்?"

இதற்கு மாரிச்செல்விக்கு யோசனையே தேவைப்படவில்லை. "புதுசா வெவசாயம் பாக்க வாரவனுக்கு நான் என்னைக்காச்சும் நோஞ்சான் ரகத்தக் குடுத்திருக்கேனா? மழை தப்புனாலும் தாங்குறதத்தான் குடுப்பேன். விழுந்தா எந்திரிக்க முடியிற மலையப் போடுங்க."

பிரபாகரனிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பனிக்கா? தையிலயா? வெளையாடுறியா?"

"தையில இல்ல. ஆனியில."

"ஆனியில எங்கன பனி பெய்யுது?"

அவள் முள்ளங்கிப் பாக்கெட்டை நீட்டினாள். போனில் காட்டியிருந்தால் அவர் நம்பியிருக்கமாட்டார். விதைப் பாக்கெட்டில் அச்சடித்திருந்ததை நம்பினார். அவள் சொன்ன விளக்கத்தையெல்லாம் கேட்டுவிட்டு, பாக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தடவை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"மாடு?"

"ஒங்க தம்பி தங்கப்பாண்டி பாத்துக்கிருதேன்னுருச்சு."

"மிளகா?"

"வித்து மாசமாகும்."

"காப்புக் கட்டு?"

"ஆடி பொறக்க பத்து நாள் கெடக்கையிலயே வந்து எறங்கிருவோம்."

அவர் வேறு ஏதாவது தடை இருக்கிறதா என்று தேடுவதைப் பார்க்கவே பாவமாக இருந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. "சரி, வாரேன்" என்றார். மாரிச்செல்வி தலையை ஆட்டிவிட்டு ஒன்றும் நடக்காதவள் மாதிரி வீட்டுக்குள் போய், அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிரபாகரனிடம் பாஸ்போர்ட் இல்லை. விசாரணைக்குப் போலீஸ்காரர் வந்துபோன பிறகு ஊருக்கே விஷயம் தெரிந்துவிட்டது. "அம்புட்டுத் தூரம் போயி வழுக்கி விழணுமாக்கும்? ஏன், நம்ம வரப்பு போதாதா?" என்று டீக்கடையில் சிரித்தார்கள். மாரிச்செல்வி அதற்கும் பதில் வைத்திருந்தாள். "ஒங்க வரப்புல விழுந்தா சேறு. அங்கன விழுந்தா போட்டோ."

மதுரையில் ஏறி, சிங்கப்பூரில் மாறி, இன்னொரு விமானமும் ஏறி, ஒருவழியாக அந்த மலையடிவாரத்தில் போய் நின்றார்கள். பிரபாகரன் கீழே குனிந்து ஒரு கை பனியை அள்ளி, மண்ணைப் பார்க்கிற மாதிரியே விரலால் பொடித்துப் பார்த்தார். "ஈரம் இருக்கு. வெதைக்கலாம்" என்றார். தடித்த உடுப்பும் கண்ணாடியும் போட்டு, காலில் செக்கைக் கட்டிவிட்ட மாதிரி கனக்கும் பூட்ஸை மாட்டியபோது இருவருக்கும் ஒருவரை ஒருவர் பார்க்கச் சிரிப்பு வந்தது. மாரிச்செல்வி கம்பெனிக் கூட்டங்களில் பழகிய இங்கிலீஷை வைத்துக்கொண்டு, வகுப்புக்குப் பேர் கொடுக்கிற கவுண்ட்டருக்கு அவரை நடத்திப் போனாள்.

அங்கே இருந்த பெண் லிஸ்ட்டைப் பார்த்து இருவர் கையிலும் ஆளுக்கொரு பட்டையை மாட்டிவிட்டாள். மாரிச்செல்விக்குப் பச்சை. பிரபாகரனுக்கு நீலம். பச்சை அடிவாரத்தில், பாய் ஓடுகிற இடத்தில். நீலம் தொங்கு நாற்காலியில் ஏறி உச்சிக்கு.

"இது என்ன ஒங்களுக்கு மட்டும் வேற கலரு?"

பிரபாகரன் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தினார். "பாய் போன் போட்டுக் கேட்டாரு, இதுக்கு முன்னால சறுக்கியிருக்கீகளான்னு. முப்பது வருசமா சறுக்குறேன்னேன்."

"எங்கன சறுக்குனீக?"

"ஏன், பரம்புல நின்னதில்லையா நானு?"

மாரிச்செல்விக்கு ஒரு நிமிஷம் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உழுது சேறாக்கிய வயலைச் சமப்படுத்த நீளமான பலகை ஒன்றை மாட்டில் கட்டி இழுப்பார்கள், அதுதான் பரம்பு. கனத்துக்கு ஒரு ஆள் பலகை மேல் ஏறி நிற்க வேண்டும். மாடு இழுக்க இழுக்கச் சேற்றில் சறுக்கிக்கொண்டே போகும். நிறையப் பேர் குப்புற விழுவார்கள். பிரபாகரன் ஒரு கையில் கயிறும் மறு கையில் பீடியுமாக வயலைச் சுற்றி வருவார். டிராக்டர் வந்த பிறகும் மூலை முடுக்குக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். அந்த வீடியோவை நாலு தடவை பார்த்தது எதற்கு என்று அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. மனுஷர் பொய் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை.

மாடு நின்றால் பரம்பு நின்றுவிடும், மலை நிற்காது என்று அவள் சொல்லியிருக்கலாம். அவர் கண்ணில் அவ்வளவு ஆசை. அவர் கேட்ட ஒரே ஆசை. அதை எப்படித் தட்டுவது? ஆனால் இத்தனை மாசம் நாள் பார்த்து, மாசம் பார்த்து, ஊர் தேடி, மலை தேடி அவள் கூட்டி வந்தது பனியைக் காட்டவா?

"சரி, பாத்துப் போயிட்டு வாங்க" என்றாள். சொன்ன மறு நொடியே தன் மேலேயே கோபம் வந்தது.

பச்சைப் பட்டைக்காரர்கள் பதிமூன்று பேர் வட்டமாக நின்றார்கள். சொல்லிக் கொடுக்க வந்த நெட்டைப் பெண், ஜோடி ஜோடியாகச் சேர்ந்துகொள்ளுங்கள், ஒருவர் கையை ஒருவர் பிடித்துத்தான் முதலில் நிற்கப் பழக வேண்டும் என்றாள். எல்லாருக்கும் ஜோடி இருந்தது. மாரிச்செல்விக்கு இல்லை. "உங்களுக்கு நான்" என்று அந்தப் பெண்ணே வந்து கையைப் பிடித்தாள். நல்ல பெண்தான். ஆனால் மாரிச்செல்விக்கு அந்த பாங்காக் கோயில் வாசலில் நிற்கிற மாதிரியே இருந்தது. அங்கேயாவது நாத்தனார் பக்கத்தில் இருந்தாள்.

பத்து நிமிஷம் போயிருக்கும். பின்னால் யாரோ தொப்புத் தொப்பென்று நடந்து வரும் சத்தம் கேட்டது. அந்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு சேற்று நடை நடக்கிற ஆள் அந்த மலையிலேயே ஒருவர்தான். பிரபாகரன் நேரே அந்தக் கவுண்ட்டருக்குப் போனார். கையை நீட்டினார். நீலப் பட்டையைக் காட்டி, வேண்டாம் என்று தலையாட்டினார். அந்தப் பெண் ஏதோ கேட்டாள். அவர் தனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் ஒன்று சேர்த்து, மலைக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

"நோ எக்ஸ்பீரியன்ஸ். பிகினர். ஒய்ஃப் தேர்."

மழை எப்போது வரும் என்று கேட்டால்கூட 'எனக்குத் தெரியும்' என்று ஆரம்பிக்கிற மனுஷர் அவர். தனக்கு ஒன்று தெரியாது என்று அவர் வாயால் மாரிச்செல்வி கேட்டதே இல்லை. அதை இத்தனை பேர் முன்னால், தெரியாத பாஷையில் சொல்லிவிட்டு, கையில் பச்சைப் பட்டையோடு வந்து அவள் பக்கத்தில் நின்றார். சொல்லிக் கொடுக்கிற பெண் சிரித்துக்கொண்டே அவள் கையை விட்டாள்.

"என்ன, உச்சியப் பாத்ததும் பயந்துட்டீகளா?" என்றாள் மாரிச்செல்வி. குரல் உடைந்துவிடக் கூடாதே என்றுதான் அப்படிக் கேலியாகக் கேட்டாள்.

"எனக்கென்ன பயம்?" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "அந்தத் தொங்கு நாற்காலியில அஞ்சாறு பேரா ஒக்காரச் சொன்னாக. இந்தப் பக்கம் ஒரு புருசன் பொண்டாட்டி. அந்தப் பக்கம் ஒரு அண்ணன் தம்பி. நடுவுல நான் ஒத்தையா நிக்கிறேன். அதுக்கா செல்வி நான் மாட்ட விட்டுட்டு இம்புட்டுத் தூரம் வந்தேன்?"

அவள் கண்ணாடிக்குள்ளேயே கண்ணீர் நிறைந்து ஒன்றும் தெரியாமல் போயிற்று.

ஓடுகிற பாய் இருவரையும் சரிவின் மேலே கொண்டு விட்டது. ஒருவர் பின் ஒருவராக இறங்குங்கள் என்றாள் அந்தப் பெண். மாரிச்செல்விக்குப் பழைய குரல் திரும்பி வந்திருந்தது. "நோ. டுகெதர்" என்றாள் உறுதியாக.

"ஏ, ரெண்டு பேரும் சேந்தே விழுவோம்டி."

"விழுவோம். இருபத்தாறு வருசமா வரப்புல நீங்க முன்னால, நான் பின்னால. ஒங்க முதுகப் பாத்தே நடந்துட்டேன். இங்கன எடம் அகலமாத்தான கெடக்கு? பக்கத்துல வாங்க."

அவர் ஊன்றுவதற்குக் கொடுத்த கைத்தடிகள் இரண்டையும் பனியில் போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.